வேல்ஸ் கோட்டைகளைப் படிப்பது எப்படி: பின்வாசலில் தொடங்கும் ஒரு வழிகாட்டி

1096-ஆம் ஆண்டு. வேல்ஸின் தென்மேற்கு மூலையில் பெம்ப்ரோக் என்ற இடத்தில், ஃபிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் போட்டிருந்த கோட்டையை வேல்ஸ் படை வளைத்துக்கொண்டது. கோட்டை என்றதும் இன்று அங்கே நிற்கும் கல்மலையை நினைக்காதீர்கள். அப்போது அது மரக்கம்பும் புல்மண்ணும் கொண்டு எழுப்பிய வெறும் அடைப்பு. உள்ளே சாப்பாடு தீர்ந்துகொண்டிருந்தது. காவல் தலைவன் ஜெரால்ட், மிச்சமிருந்த நான்கு பன்றிகளையும் வெட்டித் துண்டுபோட்டு மதிலுக்கு வெளியே எதிரிகளைப் பார்த்து வீசச் சொன்னான். மறுநாள், 'இன்னும் நான்கு மாதத்துக்கு எங்களுக்கு உதவி எதுவும் வேண்டாம்' என்று எழுதிய கடிதம் ஒன்று எதிரியின் கையில் சிக்கும்படி பார்த்துக்கொண்டான். பன்றியை வெளியே எறிகிற அளவுக்கு உள்ளே கொழித்துக் கிடக்கிறது என்று நம்பி முற்றுகைப் படை கலைந்துபோனது.

இந்தக் கதையை எழுதி வைத்தவர் அதே ஜெரால்டின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தா பெருமையில் கொஞ்சம் உப்பும் காரமும் கூடியிருக்கலாம். ஆனால் வேல்ஸ் கோட்டைகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. மதில் எத்தனை அடி தடிமன் என்பது இரண்டாவது கேள்விதான். உள்ளே இருந்தவனுக்குச் சோறும் தண்ணீரும் எந்த வழியாக வந்தன என்பதே முதல் கேள்வி. மூவேந்தரும் சூழ்ந்து நின்றபோது பாரியின் பறம்பு மலையைப் பற்றிக் கபிலர் பெருமையாகச் சொன்னதும் மதிலை அல்ல, உழாமலே விளையும் மூங்கிலரிசியையும் பலாவையும் கிழங்கையும் தேனையும்தான். அந்தக் கண்ணோடு வேல்ஸுக்குள் போவோம்.

முதல் படி: காலத்தை நான்கு அடுக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்

வேல்ஸில் அறுநூறுக்கும் மேற்பட்ட கோட்டைகள் இருந்ததாகச் சொல்வார்கள். பெரும்பாலானவை இன்று வயலுக்கு நடுவே ஒரு மேடு, அவ்வளவுதான். வேல்ஸ் மொழியில் கோட்டைக்கு 'கஸ்தெல்' என்று பெயர். வரைபடத்தில் அந்தச் சொல் வருமிடமெல்லாம் ஏதோ ஒன்று புதைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அடிமட்ட அடுக்கு, 1067 முதல் நார்மன் பிரபுக்கள் போட்ட மண்மேடுகளும் முதல் கல்கட்டடங்களும். அடுத்தது 13-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் இளவரசர்கள் தங்கள் மண்ணில் தாங்களே கட்டியவை. மூன்றாவது, 1277 முதல் 1330 வரை இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டும் அவன் மகனும் பேரனும் பணத்தைக் கொட்டியவை. அஞ்சலட்டையில் வருவதெல்லாம் இந்த அடுக்குதான். கடைசியாக 15-ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் கௌரவத்துக்காகக் கட்டிய மாளிகைக் கோட்டைகள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அப்போது வேல்ஸ் ஒரே அரசு அல்ல. தெற்கும் கிழக்கும் எல்லைப் பிரபுக்கள் கையில் இருந்தன. இவர்கள் பெயருக்குத்தான் இங்கிலாந்து அரசனுக்குக் கட்டுப்பட்டவர்கள். தங்கள் நிலத்தில் குட்டி ராஜாக்கள். வடமேற்கு மலைநாடான க்வினெத் வேல்ஸ் இளவரசர்களின் பிடியில் இருந்தது. ஒரு கோட்டைக்குப் போனால் அது யார் யாரைப் பார்த்துப் பயந்து கட்டியது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கல்லைப் பார்க்கும் முன் மண்ணைப் பாருங்கள்

கார்டிஃப் நகரின் நடுவில் இதை எளிதாகக் கற்கலாம். வெளிச்சுற்று ரோமானியக் கோட்டையின் எல்லை. அதற்குள், சுமார் 1081-ல் நார்மன்கள் கைகளால் மண் வாரிக் குவித்த மேடு. உயரம் ஏறக்குறைய 12 மீட்டர். அதன் உச்சியில் பன்னிரண்டு பட்டை கொண்ட கல் வளையம், பிறகு வந்தது. மேற்கு ஓரத்தில் தங்கமுலாம் மின்னும் அறைகளும் மணிக்கூண்டும் 19-ஆம் நூற்றாண்டில் நிலக்கரிப் பணத்தில் புரண்ட ப்யூட் பிரபு, வில்லியம் பர்ஜஸ் என்ற கட்டடக் கலைஞரை வைத்துக் கட்டிக்கொண்ட கனவு. இடைக்காலம் என்று நினைத்து அந்த அறைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள்தான் அதிகம். அவை அழகுதான், ஆனால் நாம் தேடி வந்தது அந்த மேடு.

மண்மேட்டின் அருமை வேகத்தில் இருக்கிறது. கல்லில் கட்டப் பல ஆண்டு வேண்டும். மண்ணும் மரமும் என்றால் சில வாரங்களில் எதிரி நாட்டு நடுவே ஆணி அடித்து உட்கார்ந்துவிடலாம். அதன் பலவீனம் 1158-ல் தெரிந்தது. செங்ஹெனித் பகுதியின் வேல்ஸ் தலைவன் ஐவர் பாக் (பாக் என்றால் குட்டை) இரவோடு இரவாகக் கார்டிஃப் கோட்டை மதிலில் ஏறி இறங்கி, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த க்ளஸ்டர் பிரபுவையும் மனைவியையும் மகனையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டான். பிடுங்கிய நிலத்தைத் திருப்பித் தரும்வரை விடவில்லை. மதில் இருந்தது, காவலும் இருந்தது; ஏணி வைத்தவன் சாமர்த்தியசாலி.

மூன்றாம் படி: ஆறு எங்கே என்று தேடுங்கள்

செப்ஸ்டோவுக்குப் போனால் நுழைவாயிலில் நிற்காதீர்கள். முதலில் ஆற்றின் மறுகரைக்குப் பாலத்தில் நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். வை ஆற்றின் செங்குத்துப் பாறைமேல் கோட்டை கப்பலைப் போல நீளமாகக் கிடக்கும். இங்கிலாந்தை வென்ற நார்மன் அரசன் வில்லியமின் நண்பன் ஃபிட்ஸ் ஆஸ்பெர்ன் 1067-ல் பிடித்த இடம் இது. நடுவே நிற்கும் பெரிய கல்மண்டபம் 11-ஆம் நூற்றாண்டினது. அதன் சுவரில் ஓடும் சிவப்பு வரிகள் பக்கத்து ரோமானிய நகரான கேர்வென்டிலிருந்து பெயர்த்து வந்த ஓடுகள். பழையதை உடைத்துப் புதியதைக் கட்டும் வழக்கம் நமக்கும் புதிதல்லவே.

இங்கே மூன்று பொருள்களைத் தவறவிடாதீர்கள். ஒன்று, முன்வாயிலின் பழைய மரக்கதவு. இரும்புத்தகடு போர்த்திய அந்தக் கதவை, மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி 12-ஆம் நூற்றாண்டினது என்று கண்டார்கள். ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கோட்டைக் கதவு அதுதான் என்கிறார்கள். வாயிலில் இப்போது தொங்குவது வேறு. அசலை உள்ளே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, வில்லியம் மார்ஷல் என்ற வீரன் 1189-ல் கல்யாணத்தின் வழியே இந்தக் கோட்டையைப் பெற்ற பிறகு கட்டிய வட்டக் கோபுரங்கள். சதுரக் கோபுரத்தின் மூலையை அடியில் தோண்டிச் சரித்துவிடலாம், வட்டத்துக்கு மூலை கிடையாது. மூன்றாவதுதான் நம் பின்வாசல். கீழ்முற்றத்துக் குடியிருப்பின் அடியில், ஆற்றை நோக்கித் திறந்த நிலவறை ஒன்று உண்டு. அலை ஏறும் நேரத்தில் படகு பாறையடிக்கு வரும். மூட்டையையும் பீப்பாயையும் கயிறு கட்டி மேலே இழுப்பார்கள். செப்ஸ்டோவை நிலத்தில் வளைத்தாலும் ஆற்றுப்பக்கம் அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

அதே மார்ஷல் பெம்ப்ரோக்கில் எழுப்பிய வட்டக் கோபுரம் சுமார் 24 மீட்டர் உயரம், மேலே கல்லாலேயே குவிந்த கூரை. அந்தப் பன்றிக்கதைக்கு நூறு ஆண்டு கழித்து நிலைமை எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு அந்தக் கோபுரத்தின் அடிச்சுவரே சாட்சி. அங்கேயும் பாறைக்கு அடியில் பெரிய குகை ஒன்று ஆற்றுப்பக்கம் வாய் திறந்திருக்கும். கோட்டைக்குள்ளிருந்து படி இறங்கி அதற்குப் போகலாம்; கண்டிப்பாகப் போங்கள்.

நான்காம் படி: 'D' வடிவமா, வட்டமா? கட்டியவர் யார்?

வேல்ஸ் இளவரசர்களும் கோட்டை கட்டினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. டோல்பாதார்ன், டோல்வித்தெலன், கிரிக்கியெத், கஸ்தெல் அ பேர் ஆகியவை லிவெலின் அப் ஐயோர்வெர்த் காலத்தவை. மகா லிவெலின் என்று அழைக்கப்பட்ட இவர் இறந்தது 1240-ல். கோபுரம் ஒருபக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும், ஆங்கில 'D' எழுத்தை இழுத்துவிட்டதுபோல நீளமாக இருந்தால் அது பெரும்பாலும் வேல்ஸ் கை. ஈலோ கோட்டையிலும் கஸ்தெல் அ பேரிலும் இதைத் தெளிவாகக் காணலாம்.

இவை நிற்கும் இடமும் வேறு. கடற்கரையில் அல்ல, மலைக் கணவாயில், மேய்ச்சல் பள்ளத்தாக்கின் தலைமாட்டில். ஏனென்றால் இளவரசனின் செல்வம் மாடு. மந்தை போகும் வழியையும் வருகிறவன் வழியையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் போதும். சொந்தச் சனம் சுற்றி வாழ்கிற நாட்டில் சோற்றுக்குக் கடல்வழி எதற்கு?

ஆனால் இந்த நம்பிக்கையே ஒருமுறை காலை வாரியது. மகா லிவெலினின் பேரன் லிவெலின் அப் க்ரிஃபித் 1273-ல் கிழக்கு எல்லையில் டோல்வோர்வின் என்ற புதுக்கோட்டையைத் தொடங்கினார். கட்டக்கூடாது என்று இங்கிலாந்து அரசன் பெயரில் ஓலை வந்தது. 'இந்தக் கடிதம் உங்களுக்குத் தெரிந்து எழுதப்பட்டிருக்காது என்று நிச்சயமாக நம்புகிறோம். எங்கள் மண்ணில் கட்ட எங்களுக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை என்பது நீங்கள் அறிந்ததுதானே' என்ற தொனியில் பதில் போனது. பணிவுக்குள் ஊசி வைப்பது எப்படி என்று அந்தப் பதிலில் கற்கலாம். 1277 வசந்தத்தில் எல்லைப் பிரபு ரோஜர் மார்ட்டிமர் வளைத்தபோது கோட்டை சில நாட்களிலேயே விழுந்தது. உள்ளே கிணறு இல்லை. வென்றவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, பாறையைக் குடைந்து கிணறு வெட்டியது.

இதே லிவெலினுக்குப் பயந்து எழுந்ததுதான் தெற்கே கேர்ஃபிலி. கில்பர்ட் டி க்ளேர் என்ற பிரபு 1268-ல் தொடங்கினான். 1270-ல் லிவெலின் வந்து கொளுத்தினார். 1271-ல் மறுபடி தொடங்கினான். சுமார் 30 ஏக்கர் பரப்பு. ஓடையை அணைகட்டித் தேக்கி இருபுறமும் ஏரி செய்து, நடுவில் மதிலுக்குள் மதிலாகக் கட்டினான். உள்மதில் உயரம், வெளிமதில் தாழ்வு. இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எதிரிமேல் அம்பு விழும். அரசன் கட்டும் முன்பே ஒரு பிரபு இதைச் செய்துவிட்டான் என்பது கவனிக்க வேண்டியது. தென்கிழக்குக் கோபுரம் பைசா கோபுரத்தைவிட அதிகமாகச் சாய்ந்து நிற்கிறது. குழந்தைகளை அழைத்துப்போனால் மற்ற எல்லாம் மறந்து இது மட்டும்தான் நினைவிருக்கும், பரவாயில்லை.

ஐந்தாம் படி: போரைக் கதிர் அரிவாளில் பாருங்கள்

1277-ல் முதலாம் எட்வர்ட் க்வினெத்மேல் படையெடுத்தபோது பெரிய போர்க்களம் எதுவும் நடக்கவில்லை. ஆங்கிள்சி தீவுக்குக் கப்பலில் ஆள் இறக்கினான். படைவீரர்களோடு போனவர்கள் 360 கதிர் அறுப்பவர்கள். வேல்ஸ் மக்கள் அந்தத் தீவை 'வேல்ஸின் தாய்' என்பார்கள். மலைநாட்டுக்கே தானியம் தந்தது அதுதான். விளைந்த கதிரை அறுத்து எட்வர்ட் தன் படைக்கு எடுத்துக்கொண்டான். மலைக்குள் லிவெலினுக்குக் குளிர்காலத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நவம்பரில் உடன்படிக்கைக்கு வந்துவிட்டார்.

இந்தப் பாடத்தை எட்வர்ட் மறக்கவில்லை. எதிரியைப் பட்டினி போட்டு வென்றவன், தன் கோட்டை பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டான். ஃப்ளின்ட் கோட்டையை டீ ஆற்றின் முகத்துவாரத்தில் போட்டான். ரிதுலானில் இடம் பிடித்திருந்தது, ஆனால் க்ளூயிட் ஆறு கப்பலுக்கு ஒத்துவராமல் வளைந்து வளைந்து ஓடியது. கோட்டையை ஆற்றுக்குக் கொண்டுபோவதற்குப் பதில் ஆற்றைக் கோட்டைக்குக் கொண்டுவந்தான். கடல்வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் புது வாய்க்கால், பள்ளம் தோண்டுகிறவர்கள் இங்கிலாந்திலிருந்து, வழியில் ஓடிவிடாமல் குதிரைக் காவலோடு. ரிதுலானுக்குப் போனால் வாயிற் கோபுரங்களைவிட நேராக ஓடும் அந்த ஆற்றைத்தான் ஐந்து நிமிடம் நின்று பார்க்கச் சொல்வேன்.

ஆறாம் படி: நான்கு பெருங்கோட்டைகளையும் தண்ணீர் வாசலிலிருந்து சுற்றுங்கள்

1282-ல் வேல்ஸ் மறுபடி எழுந்தது. அந்த டிசம்பர் 11-ல் பில்த் அருகே லிவெலின் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அவர் தம்பி டாவித் ஷ்ரூஸ்பரியில் கொடூரமாகத் தூக்கிலிடப்பட்டார். க்வினெத் முடிந்தது. எட்வர்ட் உடனே மூன்று இடங்களில் கல் வைத்தான்: கான்வி, கார்னார்வன், ஹார்லெக். 1295-ல் நான்காவதாக பியூமாரிஸ். இந்நான்கும் 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள்.

இவற்றின் தலைமைக் கொத்தனார் ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ். (சென்னைக் கோட்டையோடு சம்பந்தமில்லை, இன்றைய ஃபிரான்ஸில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது.) ஆல்ப்ஸ் பக்கத்து சவாய் பிரபுக்களிடம் வேலை பார்த்தவர். அவருக்கு ஆயுள் முழுக்க நாளுக்கு 3 ஷில்லிங், அதாவது 36 பென்ஸ். சாதாரணக் கூலியாளுக்குக் கிடைத்தது நாளுக்கு இரண்டு பென்ஸ் அளவில்.

கான்வியில் கிழக்கு முனைக்குப் போங்கள். ஆற்றுப்பக்கம் சிறு முற்றமும், அங்கிருந்து தண்ணீருக்கு இறங்கிய படிகளின் இடமும் உண்டு. அரசன் குடும்பம் இருந்த உள்முற்றம் இதை ஒட்டித்தான் அமைந்தது; நகர வாசல் வழியே எதிரி புகுந்தாலும் அரசனுக்குக் கப்பல் மிச்சம். எட்டுக் கோபுரங்கள், 1283-ல் தொடங்கி 1287-க்குள் முடிந்த வேலை. ஊரைச் சுற்றிய மதில் சுமார் 1.3 கிலோமீட்டர், 21 கோபுரங்கள், மூன்று வாயில்கள். மதிலின் தெற்குப் பகுதியில் வெளியே துருத்தி நிற்கும் பன்னிரண்டு கழிப்பறைகளை வரிசையாக எண்ணுங்கள். மதில்மேல் நடப்பது இலவசம், என் கருத்தில் கோட்டையைவிட அதுவே மேல்.

இவ்வளவு பெரிய கோட்டைக்குக் காவல் எத்தனை பேர்? முப்பது. அதில் 15 பேர் குறுக்குவில் வீரர்கள். மற்றவர்களில் ஒரு பாதிரியார், ஒரு தச்சர், ஒரு கொத்தனார், ஒரு கொல்லர். கல் கட்டியதே ஆளைக் குறைக்கத்தான். கான்வியில் முன்பு இருந்த மடத்தில்தான் மகா லிவெலின் அடக்கமாகியிருந்தார். எட்வர்ட் மடத்தையே ஆறு வரும் திசையில் சில மைல் தள்ளி மாற்றிவிட்டு அந்த இடத்தில் கோட்டை போட்டான். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கார்னார்வன் வேறு ரகம். மற்ற மூன்றிலும் வட்டக் கோபுரம், இங்கே பல பட்டைக் கோபுரம். சுவரில் வேறுநிறக் கல்லில் பட்டைபட்டையாக வரி. கான்ஸ்டாண்டிநோபிளின் பழைய மதிலைப் பார்த்துச் செய்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ரோமப் பேரரசன் மாக்சிமஸ் கனவில் கண்ட கோட்டையைத் தேடி இங்கே வந்தான் என்று வேல்ஸ் மக்களிடம் ஒரு பழங்கதை உண்டு. பக்கத்திலேயே ரோமானியக் கோட்டை இடிபாடும் இருக்கிறது. தோற்றவனின் கதையை எடுத்து வென்றவன் கல்லில் கட்டிக்கொண்டான். பிற்காலத்து இரண்டாம் எட்வர்ட் 1284 ஏப்ரலில் பிறந்ததும் இங்கேதான், கட்டுமானத் தூசிக்கு நடுவே. 1330 வரை வேலை நடந்து, இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் விழுங்கியும் முடியவில்லை. அரச வாயிலின் கீழ் நின்று, தடுப்புக் கதவு இறங்குவதற்காகச் சுவரில் வெட்டிய பள்ளங்களை எண்ணிப் பாருங்கள்: ஐந்து கதவும் ஆறு தடுப்புமாகத் திட்டம். உட்பக்கம் பார்த்தால் பாதியில் நின்றுபோன சுவர்ப் பற்கள் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஹார்லெக் சுமார் 60 மீட்டர் பாறைமேல். அன்று கடல் பாறையடிவரை வந்தது. அடியில் தண்ணீர் வாசல், அங்கிருந்து மதிலுக்குள்ளேயே நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் சுற்றி ஏறும். இன்று கடல் விலகி, இடையில் மணலும் புல்லும் வீடுகளும். இந்தப் படிகளில் கீழிருந்து ஏறுங்கள். பாதியில் மூச்சு வாங்கும்போது தோளில் மாவு மூட்டை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பியூமாரிஸ், 'அழகான சதுப்பு' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர். பாறை இல்லாத சமதளம் என்பதால் ஜேம்ஸ் தன் இஷ்டத்துக்கு அளவெடுத்த வடிவில் வரைய முடிந்தது: மதிலுக்குள் மதில், சுற்றிலும் நீர் நிறைந்த அகழி, தெற்கு வாசலருகே கப்பல் வந்து நிற்க அலைநீர்த் துறை. வரைபடத்தில் இதைவிட நேர்த்தியான கோட்டை பிரிட்டனில் இல்லை. கோபுரங்கள் மட்டும் திட்டமிட்ட உயரத்துக்குப் போகவே இல்லை. பக்கத்தில் செழிப்பாக இருந்த லான்வயிஸ் ஊர் மக்களைத் தீவின் மறுகோடிக்கு அனுப்பி 'புதிய ஊர்' என்று பெயர் வைத்தார்கள். கோட்டை ஊர்களில் குடியேற்றப்பட்டவர்கள் ஆங்கிலேயர். வேல்ஸ்காரன் அங்கே வந்து விற்கலாம், குடியிருக்க முடியாது.

ஏழாம் படி: கணக்குப் புத்தகத்தைப் பக்கத்தில் வையுங்கள்

இந்தக் கோட்டைகளின் கூலிக் கணக்குகள் இன்னும் இருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு சொல்ல முடிகிறது. 1296 பிப்ரவரியில் ஜேம்ஸும் ஒரு குமாஸ்தாவும் பியூமாரிஸிலிருந்து கருவூலத்துக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். வேலையில் 400 கொத்தர்கள், 2,000 சாதாரணக் கூலிகள், 200 கல்லுடைப்பவர்கள், கொல்லரும் தச்சருமாக வேறு ஆட்கள், 100 வண்டி, 60 பாரவண்டி, கல்லும் கரியும் கொண்டுவர 30 படகு. வாரத்துக்கு 250 பவுண்டு வேண்டும், கூலி பாக்கி நிற்கிறது, ஆள் நிற்கமாட்டான், கடவுள் புண்ணியத்துக்குப் பணத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள் என்று முடிக்கிறார்கள். எந்த ஊர் ஒப்பந்ததாரரும் எழுதக்கூடிய கடிதம்.

பணம் எங்கிருந்து வந்தது? வரி ஒருபக்கம், இத்தாலியின் லூக்கா நகரத்து ரிக்கார்டி வங்கியாளர்களிடம் வாங்கிய கடன் மறுபக்கம். 1290-களில் ஃபிரான்ஸோடும் ஸ்காட்லாந்தோடும் சண்டை வந்ததும் பணம் அங்கே திரும்பிவிட்டது. பியூமாரிஸின் குட்டைக் கோபுரங்களுக்குக் காரணம் இதுவே.

எட்டாம் படி: சுவரில் ஓட்டைகளைத் தேடுங்கள், கட்டுக்கதைகளை விடுங்கள்

ஹார்லெக், கான்வி கோபுரங்களின் வெளிப்பக்கம் சிறு சதுரத் துளைகள் சாய்வாகச் சுற்றி ஏறுவதைக் காணலாம். சாரக்கட்டையின் முனை செருகிய துளைகள் அவை. கோபுரத்தைச் சுற்றிச் சரிவுப் பாதைபோல சாரம் போட்டு அதன்மேல் கல்லை ஏற்றினார்கள். இது சவாய் நாட்டுப் பழக்கம். ஜேம்ஸின் ஆட்கள் கையோடு கொண்டுவந்தது. கான்வியில் அங்கங்கே சுண்ணாம்புப் பூச்சின் மிச்சமும் தெரியும். அந்தக் கோட்டை சாம்பல் நிறத்தில் இல்லை, வெள்ளை வெளேரென்று நின்றது.

வாயில் கூரைத் துளைகள் வழியே கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்கள் என்று யாராவது சொன்னால் எண்ணெய் விலையைக் கேளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கதவில் வைத்த தீயை அணைப்பதுதான் அந்தத் துளைக்கு உருப்படியான வேலை. சுழற்படிக்கட்டு வலஞ்சுழியாக ஏறுவது மேலே நிற்பவன் வாள் வீச வசதியாக என்பதும் பிற்காலத்து விளக்கமே. இடஞ்சுழிப் படிகளும் எத்தனையோ உண்டு.

ஒன்பதாம் படி: ஒவ்வொன்றும் எப்படி விழுந்தது என்று கேளுங்கள்

1294-ல் மாடோக் அப் லிவெலின் தலைமையில் கலகம். கார்னார்வன் விழுந்தது. காரணம், ஊரைப் பார்த்த பக்கம் கோட்டைக்கு அப்போது மதில் எழும்பவில்லை, வெறும் பள்ளம்தான். ஊர்மதிலைத் தாண்டியவன் கோட்டைக்குள் இருந்தான். ஹார்லெக்கும் கிரிக்கியெத்தும் நின்றன, கடல்வழியே சரக்கு வந்ததால். உள்நாட்டில் கஸ்தெல் அ பேரை எட்வர்ட் பிடித்து ஊரும் வைத்துப் பார்த்திருந்தான். கலகத்துக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. கடல் இல்லாத கோட்டை அவன் கையில் தங்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் எட்வர்டே கான்வியில் மாட்டிக்கொண்டான். உணவு வண்டிகளை வேல்ஸ்காரர்கள் வழியில் மடக்கிவிட்டார்கள். ஆறு பெருகியதால் படை அக்கரையில் நின்றுவிட்டது. இருந்த ஒரு சிறு பீப்பாய் மதுவை அரசனுக்கென்று ஒதுக்கியபோது, எல்லோருக்கும் சமமாகப் பங்கிடச் சொன்னான் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. பிறகு கப்பல் வந்தது.

கான்வி உண்மையில் விழுந்தது 1401-ல், புனித வெள்ளி அன்று. காவலர்கள் தேவாலயத்தில் பூசையில் இருக்க, தச்சுவேலைக்கு வந்ததுபோல நடித்து உள்ளே போன ஆள் கதவைத் திறக்க, துதுர் குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் நாற்பது பேரோடு புகுந்தார்கள். பதினைந்தாயிரம் பவுண்டு மதிலுக்கு ஒரு தச்சன். அது இங்கிலாந்துக்கு எதிராகக் கிளம்பிய வேல்ஸ் தலைவர் ஓவைன் கிளின்தூரின் எழுச்சிக் காலம். 1404-ல் ஹார்லெக் அவர் கைக்கு வந்து அவர் குடும்பம் குடியிருந்த இடமானது; 1409-ல் மறுபடி இங்கிலாந்திடம் விழுந்தபோது உள்ளே அகப்பட்டவர்களில் அவர் மனைவியும் மகள்களும் இருந்தார்கள். பிறகு, இங்கிலாந்து அரச குடும்பத்தின் இரு கிளைகள் மோதிய ரோஜாப்பூப் போர்களில் அதே ஹார்லெக் 1461 முதல் 1468 வரை பிடிகொடுக்காமல் நின்றது.

பத்தாம் படி: இடிபாட்டையும் ஒரு வேலையாகவே பாருங்கள்

காலம் இடித்தது என்று நினைப்போம். பல இடங்களில் ஆள் வைத்து இடித்தார்கள். 15-ஆம் நூற்றாண்டின் மாளிகைக் கோட்டை ரக்லன். அறுகோணப் பெருங்கோபுரம், தனி அகழி. அரசனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் 1646 ஆகஸ்டில் சரணடைந்த பின் அந்தக் கோபுரத்தின் அடியைத் தோண்டி மரமுட்டு வைத்துச் சரித்தார்கள்; பாதி நிற்கிறது. ஹார்லெக் 1647 வரை அரசன் பக்கம் நின்றது, வேல்ஸில் கடைசியாக. அபரிஸ்ட்வித்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கான்விக்கு வந்த கேடு சில்லறைக் கேடு: 1660-களில் அதன் சொந்தக்காரப் பிரபு கூரை ஈயத்தை உரித்து விற்றான். கூரை போன பிறகு மழை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

இன்று பெரும்பாலானவற்றைப் பராமரிப்பது 1984-ல் அமைந்த கதூ என்ற அரசு அமைப்பு. வேல்ஸ் மொழியில் கதூ என்றால் காத்தல்.

கிழக்கே பொவிஸ் கோட்டைக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். வேல்ஸ் இளவரசர் குடும்பம் 13-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய செங்கல்நிறக் கல்கோட்டை; இடியாமல் மாளிகையாகவே தொடர்ந்தது. அந்த வீட்டுப் பெண் ஹென்ரியட்டாவை 1784-ல் மணந்தவர் எட்வர்ட் கிளைவ். ஆற்காட்டுப் புகழ் ராபர்ட் கிளைவின் மகன், 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு இறந்த பிறகு அள்ளப்பட்டவற்றில் ஒரு பங்கு இங்கே வந்து சேர்ந்தது: திப்புவின் பூவேலைத் துணிக் கூடாரம், சிம்மாசனத்தின் தங்கப் புலித்தலைகளில் ஒன்று, இன்னும் ஆயிரத்துக்கு நெருக்கமான இந்தியப் பொருள்கள். அந்தக் கூடாரத்தைப் பின்னாளில் தோட்ட விருந்துக்குப் பந்தலாகவும் போட்டிருக்கிறார்கள்.

வழி: தெற்கே கார்டிஃபில் தங்கிக்கொண்டு செப்ஸ்டோ, கேர்ஃபிலிக்கு ரயிலில் போய்வரலாம். வடக்கே செஸ்டரிலிருந்து கடற்கரை ரயில் ஃப்ளின்ட், கான்வி, பாங்கர் என்று போகும். கான்வியில் தண்டவாளம் கோட்டையை உரசிக்கொண்டு ஊர்மதிலைத் துளைத்துச் செல்கிறது. பாங்கரிலிருந்து கார்னார்வனுக்கும் பியூமாரிஸுக்கும் பேருந்து. கிரிக்கியெத்துக்கும் ஹார்லெக்குக்கும் மேற்குக் கரை ரயில் தனி. கஸ்தெல் அ பேருக்கு வண்டி இல்லாமல் போவது சிரமம். போனால் பெரும்பாலும் நீங்களும் ஆடுகளும்தான். ஹார்லெக்கில் இறங்கியதும் நிமிர்ந்து பாருங்கள், கோட்டை தலைக்குமேல் நிற்கும். நீங்கள் நிற்கும் அந்த நடைமேடைப் பக்கம்தான் அயர்லாந்திலிருந்து சரக்குப் படகு வந்தது.